தட் சாரின் முப்பத்து நான்கு வால்கள்

குடியிருப்பு வாரிய அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவே, எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இருமி இருமி அச்சடிக்கும் பிரிண்டர், மனு எழுத வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். தட் சார் என்று கேட்டால் சாவிக்கடைக்காரர் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசல்வரை கொண்டுவிடுவார்.

பெயர் வந்த கதை சின்னது. அவர் தட்டச்சு செய்யும்போது வாயும் சேர்ந்து தட்டும். ‘ஐ பெக் டு ஸ்டேட் தட்’ என்று ஒவ்வொரு மனுவுக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார். அந்த ‘தட்’டில் வந்ததும் ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி வைக்கும் ஒரு பாவனை. பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு மெய் சிலிர்த்துவிடும். வாரியத்தில் மேலே போகும் காகிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பது வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் கீழ் மாடிக்காரர் மேல் மாடியைக் காட்டுவார், மேல் மாடிக்காரர் அதற்கும் மேலே காட்டுவார். ஆகவே தட் சாரின் பெஞ்சு காலியாக இருந்ததில்லை.

இனி உண்மையைச் சொல்லிவிடலாம். தட் சாருக்கு அந்த ‘தட்’டுக்கு மேல் ஆங்கிலம் வராது.

பள்ளி இறுதித் தேர்வில் மற்ற பாடமெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் மூன்று தடவை மண்ணைக் கவ்வியவர். மனு எழுதும் உரிமத்துக்கு வாரியம் தட்டச்சு வேகத்தை மட்டும்தான் பார்த்தது. விரல் வேகத்தில் அவர் புலி. அந்த மேசையை அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் ஊரை விட்டுப் போகும்போது பழைய மனுக்களின் நகல் கட்டு ஒன்றை விட்டுப் போயிருந்தார். தட் சார் அதை உட்கார்ந்து பிரித்தார். எல்லா மனுவுக்கும் தலை ஒன்றுதான், பின்னால் வருவதுதான் வேறு என்று கண்டுகொண்டார். பின்னால் வருவதற்கு வால் என்று பெயர் வைத்தார். தேறிய வால்கள் முப்பத்து நான்கு. அட்டையில் எழுதி, எண் போட்டு, அர்த்தத்தை அகராதி பார்த்துத் தமிழில் பக்கத்தில் குறித்து, நெட்டுருப் போட்டுவிட்டார். கூரை ஒழுகுகிறது என்பது நான்கு. சம்பாதிப்பவன் நான் ஒருவனே என்பது ஒன்பது. அண்டை வீட்டாரால் உயிருக்கு ஆபத்து என்பது பதினாறு.

ஆள் வந்து தன் கதையைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக் கேட்பார். அனுதாபம் என்று அவர்கள் நினைத்தார்கள். உள்ளே எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஓர் ஓய்வுபெற்ற கண்டக்டர் வந்து, மேல் வீட்டில் நாற்காலியைத் தினமும் இழுக்கிறார்கள், தூக்கம் போகிறது என்று எழுதச் சொன்னார். நாற்காலிக்கு வால் ஏது? பதினாறாம் எண்ணைப் போட்டு அனுப்பினார். மறுவாரம் மேல் வீட்டுக்காரர் வாசலில் போலீஸ் வந்து நின்றது. தட் சார் இதை வேடிக்கைக் கதையாகப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மேல் வீட்டுக்காரர் சிரித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மனுவின் அடியில் அச்சிட்ட வரி ஒன்று இருக்கும்: மேற்கண்டது மனுதாரருக்கு அவருடைய மொழியில் படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார். அதன் கீழே எழுதியவர் கையெழுத்துப் போட்டு, வாரியம் கொடுத்த எண் முத்திரையைக் குத்த வேண்டும். தட் சார் ஒரு மனுவையும் படித்துக் காட்டாமல் அனுப்பியதில்லை. கணீரென்று, நிறுத்தி நிறுத்திப் படிப்பார். என்ன, காகிதத்தில் இருப்பதைப் படிக்க மாட்டார். அவர்கள் சொன்னதையே திருப்பிப் படிப்பார். அவர்களும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் அவரை மெச்சிக்கொண்டே தெரு வழியனுப்பியிருக்கும். அதற்குள் பிஸ்கட் கம்பெனிக்காரம்மா வந்தார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. முப்பத்தெட்டு வயசு இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் வெல்டர், தூரத்தில் ஒரு பாலம் வேலைக்குப் போனவர், எட்டு மாசமாகப் பேச்சு மூச்சு இல்லை. வீடு அவர் பெயரில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வாரியம் வீட்டு ஒதுக்கீட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும்.

“அவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியல சார்,” என்றார் அந்த அம்மா. “நல்லாத்தான் இருக்கார்னு நெனைக்கிறேன். இல்லேன்னா யாராவது சொல்லியிருப்பாங்கல்ல? ஏன் பேசலைன்னுதான் புரியல. அவர் வர்ற வரைக்கும் என் கையெழுத்தை ஏத்துக்கச் சொல்லி எழுதிக் குடுங்க.”

தட் சார் கண்ணை மூடினார். ஒன்றிலிருந்து முப்பத்து நான்குவரை போய்த் திரும்பி வந்தார். தெரியவில்லை என்று சொல்ல அவரிடம் வால் இல்லை. நினைக்கிறேன் என்பதற்கும் இல்லை. இருந்ததில் கிட்டே வந்தது பத்தொன்பது: என் கணவர் இறந்துவிட்டார், இரண்டு சிறு பிள்ளைகளுக்கு நானே ஆதரவு.

அவருக்கு அர்த்தம் தெரியும். அட்டையில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தவர் அவர்தானே. இறந்தவர் வீட்டு மனு சீக்கிரம் நகரும், அந்த அம்மாவுக்கு நல்லதுதானே, உள்ளே இருக்கிற கிளார்க் எதைப் படிக்கிறான், கையெழுத்தைப் பார்ப்பான், தள்ளிவிடுவான் என்று சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு பத்தொன்பதை அடித்தார். பிறகு காகிதத்தை உயர்த்திப் பிடித்து, என் கணவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை என்று ஆரம்பித்து, கணீரென்று படித்துக் காட்டினார்.

“நான் சொன்ன மாதிரியே இருக்கு சார்,” என்று அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

மூன்றே வாரத்தில் வீடு அந்த அம்மா பெயருக்கு மாறி ஒதுக்கீட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஆங்கிலக் கடிதம். அவருக்குத் தன் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் புரிந்தது, அது போதுமானதாக இருந்தது. சந்தோஷத்தில் ஒரு பொட்டலம் உடைந்த பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை கிடைப்பது. தட் சார் அதை இரண்டு நாள் டீயில் தொட்டுத் தின்றார். பிற்பாடு டீக்கடையில் யார் பிஸ்கட் நீட்டினாலும் அவர் தொட்டதில்லை. நியாயம்தான்.

அந்த அம்மாவின் மூத்த பெண் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் முகவரிச் சான்று கேட்டார்கள் என்று அந்தக் கடிதத்தை எடுத்துப் போய்க் கொடுத்தாள். கணவர் இறந்ததால் வீடு மனைவி பெயருக்கு மாற்றப்படுகிறது என்ற வரியை வகுப்பாசிரியை படித்தார். முகம் மாறியது. பெண்ணைக் கிட்டே கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். சொல்லவே இல்லையேம்மா என்றார். பிறகு வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொல்லி, இந்தப் பெண்ணின் அப்பாவுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம் என்றார். நாற்பத்திரண்டு பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். அந்தப் பெண்ணும் நின்றாள். அப்பா செத்துப்போனார் என்பது அவளுக்குத் தெரிந்த விதம் இது. நேரே பிஸ்கட் கம்பெனி வாசலுக்கு ஓடினாள். அம்மா ஷிப்ட் முடித்து வந்ததும் கேட்ட ஒரே கேள்வி, ஏன் என்கிட்ட மறைச்சே என்பது.

அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மறுநாள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்குப் போனார். கிளார்க் கோப்பை எடுத்துப் பார்த்து, உங்க மனுவுலயே அப்படித்தான் இருக்கு, கீழே உங்க கையெழுத்து என்றார். புருஷன் உயிரோடு இருந்தால் இது பொய் மனு. பத்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் வரவில்லை என்றால் வீடு ரத்து என்று ஒரு நோட்டீசையும் கையில் கொடுத்தார்.

அன்றே மத்தியானம் அந்த அம்மா தட் சாரின் முன்னால் வந்து நின்றார். கூடவே மூத்த பெண். தட் சாருக்கு நோட்டீசைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. கத்தப் போகிறார், பெஞ்சில் இருக்கிறவர்கள் முன்னால் மானத்தை வாங்கப் போகிறார் என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா கத்தவில்லை. மேசைமேல் குனிந்து, பள்ளியில் நடந்ததைச் சொல்லி, மெதுவான குரலில் கேட்டார்.

“உங்களுக்கு ஏதாவது சேதி தெரியுமா சார்? யாராவது வந்து சொன்னாங்களா? என்கிட்ட சொல்ல மனசு வராம எழுதி மட்டும் அனுப்பிட்டீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க சார். நான் தாங்கிப்பேன்.”

கத்தியிருக்கலாம், செருப்பைக் கழற்றியிருக்கலாம் என்று தட் சாருக்குத் தோன்றியது. பொய்யை எழுதியவனை ஒருவர் பொய்யன் என்று திட்டினால் தாங்கிவிடலாம். இந்த அம்மா அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு வந்திருந்தார். படித்தவர், பெரிய இடத்துக் காகிதமெல்லாம் பார்க்கிறவர், அவருக்கு நமக்குத் தெரியாதது தெரிந்திருக்கும் என்று நினைத்து வந்திருந்தார்.

அப்போதாவது உண்மை வந்திருக்க வேண்டும். வரவில்லை. “சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றார். “ஆபீஸ்ல அப்படி எழுதறது ஒரு வழக்கம். சும்மா ஃபார்மாலிட்டி.”

அந்த அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதார். உயிர் திரும்பிய அழுகை. “அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லையே? நல்லதாப் போச்சு சார். இந்த நோட்டீசுக்கும் நீங்களே பதில் எழுதிடுங்க. அன்னைக்கு நான் சொன்னேன்ல, அதையே எழுதுங்க, போதும்.”

பெண் மட்டும் அழவில்லை. அவள் தட் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் கழித்து வாம்மா என்று அவர் அனுப்பி வைத்தார்.

நாலு நாள் எதற்கு? ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத்தான். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பல் முளைக்காத குழந்தைகூடத் தன் பாஷையில் சொல்லிவிடும் விஷயம். மனுவின் தலைவரியை அடித்தார், ‘தட்’டில் வந்து நின்றார், அதற்கப்புறம் திரையில் கர்சர் கோடு மின்னி மின்னி அணைந்தது. கைபேசியில் தமிழில் போட்டுப் பார்த்தார். அது ஏதோ ஒன்றை ஆங்கிலத்தில் நீட்டியது. அது சரியா தப்பா என்று பார்க்க அவருக்குத் தெரியாது. சரிபார்க்கத் தெரியாத ஒன்றின்கீழ் முத்திரை குத்த, இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாகப் பயந்தார். ஜெராக்ஸ் கடைக்கு அந்தப் பக்கம் மனு எழுதும் இன்னொருவரிடம் கேட்கலாம்தான். ஆனால் அவர் சந்தேகம் வந்தால் தட் சாரிடம் ஓடிவருகிறவர்.

மருந்துக்கடை மாடியில் சாயங்காலம் ஆங்கில வகுப்பு ஒன்று நடந்தது. மூன்றாம் நாள், தெருவில் தெரிந்த முகம் இல்லை என்று பார்த்துக்கொண்டு படியேறினார். கதவைத் திறந்தால் பத்துப் பதினைந்து பிள்ளைகள். வேலைக்குப் போகிற வயசு. பலகை முன்னால் நின்ற ஆசிரியை இருபத்தைந்து வயசுப் பெண். அவரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“தட் சாரா! வாங்க சார், வாங்க. எங்கப்பாவுக்கு வீடு கிடைச்சதே சார் எழுதின மனுவாலதான். எழுந்திருங்கப்பா எல்லாரும். இங்கிலீஷ்னா சார்கிட்ட கத்துக்கணும். சார் முன்னாடி நான் பாடம் எடுக்கறதா?”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தட் சாருக்குக் காது மடல் எரிந்தது. “இல்லம்மா, மச்சான் பையனைச் சேர்க்கலாம்னு விசாரிக்க வந்தேன்,” என்று உளறி, விசாரிக்காமலே இறங்கிவிட்டார். பாதிப் படியில் கால் நின்றது. மேலே பாடம் தொடங்கியிருந்தது. கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் நின்று கேட்டார்.

“நவுன் கிளாஸ், அதான் பெயர்ச்சொல் வேலையைச் செய்யற துணை வாக்கியம், அந்தப் பேரைக் கேட்டே பாதிப் பேர் பயப்படறீங்க,” என்றது அந்தப் பெண்ணின் குரல். “ஒண்ணுமே இல்ல. ‘ஐ நோ ஹிம்.’ எனக்கு என்ன தெரியும்? அவனைத் தெரியும். ‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்.’ என்ன தெரியும்? அவன் எங்க குடியிருக்கான்னு தெரியும். ஒரு பேர் உட்கார வேண்டிய எடத்துல ஒரு முழுப் பேச்சே வந்து உட்கார்ந்துக்குது. சந்தேகமா இருந்தா அந்தப் பேச்சைத் தூக்கிட்டு ‘அது’ன்னு வெச்சுப் பாருங்க. அது எனக்குத் தெரியும். பொருந்துதில்ல? அப்ப அது நவுன் கிளாஸ்.”

யாரோ ஏதோ கேட்டார்கள்.

“இல்ல, ‘வேர் இஸ் ஹி’ன்னு திருப்பாதே. அது கேள்வி. நீ இங்க கேள்வி கேக்கலையே. உனக்குத் தெரியலைங்கறதைச் சொல்ற. ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.’ தமிழ்ல நாம நாளெல்லாம் இதைத்தானேப்பா பேசறோம். வர்றேன்னு சொன்னான், ஏன் வரலைன்னு தெரியல, மறந்துட்டான்னு நெனைக்கிறேன். அத்தனையும் நவுன் கிளாஸ்தான்.”

தட் சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பல வருஷமாகக் காத்திருந்த வரி மாடியிலிருந்து சும்மா இறங்கி வந்திருந்தது. மருந்துக்கடைக் காகித உறையின்மேல் அதை எழுதிக்கொண்டார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு முகமாக வந்தது. அவர் பெஞ்சுக்கு வந்த அத்தனை பேரும் இப்படித்தானே பேசினார்கள்: பயமா இருக்குன்னு எழுதுங்க, தப்பு என்மேல இல்லைன்னு சொல்லுங்க, எப்ப கிடைக்கும்னு கேளுங்க. ‘தட்’டுக்குப் பின்னால் இருந்தது அவர்கள் உட்கார வேண்டிய இடம். அங்கே அவர் கண்ட ஆளை உட்காரவைத்துவிட்டு அவர்களைத் தெருவில் நிறுத்தியிருக்கிறார். வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது.

நாலாம் நாள் அந்த அம்மா வந்தபோது பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இன்னும் மூன்று சாயங்காலம் அதே படியில் நின்றார். அதில் இரண்டாவது சாயங்காலமே மேலே கதவைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள்; ஆசிரியையின் குரலும் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. தான் நிற்பது மேலே தெரிந்துவிட்டது என்று புரிந்தது. இறங்கி ஓடவும் முடியவில்லை, ஏறிப் போய் உட்காரவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றபடியே கற்றுக்கொண்டார்.

எட்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து விளக்கத்தை எழுதி முடித்தார். அவராகவே எழுதிய முதல் ஆங்கிலக் கடிதம். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“தட் சாருக்கு ஒரு வாரமா சாப்பாடு இறங்கலையே. அப்படி என்ன எழுத்து? படிங்க, நானும்தான் கேக்கறேன்.”

அவர் தமிழில் சொன்னார். என் கணவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்துவிட்டார் என்று முந்தைய மனுவில் தவறுதலாக எழுதப்பட்டது.

“எழுதப்பட்டதா? யாரு எழுதினது, பேயா?”

மனைவி கீரையைக் கீழே வைத்தார். அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. வால், எண், பத்தொன்பது, மௌனமாக நின்ற வகுப்பு, மருந்துக்கடைப் படி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியிடம் அன்றுதான் சொன்னார்.

“அது கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கப்பாவுக்குத் தெரியும்,” என்றார் மனைவி. “மூணு தடவை போச்சுன்னு தரகரே சொன்னாரு. தெரியாதது ஒண்ணும் தப்பில்லீங்க. ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பொம்பளைக்குப் படிச்சுக் காட்டும்போது மாத்திப் படிச்சீங்களே, அது தமிழ்தானே? அதுக்கு எந்த இங்கிலீஷ் வேணும்?”

அவர் காகிதத்தைக் கிழித்தார். மறுபடி எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை இரண்டு காகிதம் வந்தது. ஒன்று அந்த அம்மாவுடையது. மற்றொன்று அவருடையது. எழுதப்பட்டது என்ற பேச்சே அதில் இல்லை. இதை உள்ளே கொடுத்தால் உரிமம் போகும், மேசை போகும் என்று தெரிந்துதான் எழுதினார். பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் வீடு தப்ப வேறு வழியும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். பிஸ்கட் கம்பெனிக்காரம்மா மகளோடு வந்தார். இந்த இடைவெளியில் மகள் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, முகத்தில் பழைய கனிவு இல்லை. தட் சார் இரண்டு காகிதத்தையும் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, படிக்க வாயெடுத்தார்.

“நீங்க படிக்க வேண்டாம் சார்,” என்றார் அந்த அம்மா. “அவ படிக்கட்டும்.”

பெண் காகிதத்தை வாங்கினாள். நிதானமாக, ஒரு வரி ஆங்கிலத்தில் படித்து, அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். முதல் காகிதம் முடிந்தது. அந்த அம்மா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை எடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“இந்த அம்மா சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. அதை இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால அவங்க புருஷன் இறந்துட்டார்னு எழுதினேன். அவங்க சொன்னதையே எழுதினதாப் படிச்சுக் காட்டினேன். அவங்க எதுல கையெழுத்துப் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது.”

பெண் நிறுத்தினாள். எழுதியவர் யாரோ, எதிரே இருப்பவர் யாரோ என்பது போலக் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்பத்தாறு வயசு மனுஷன் பதினாலு வயசுப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் முத்திரையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை மன்னிச்சுடும்மா,” என்றார்.

“எதுக்கு சார்?” என்றாள் பெண். “நாங்க எல்லாரும் எழுந்து நின்னோமே, அதுக்கா?”

அந்த அம்மா மகளின் தோளைத் தொட்டார். இரண்டாவது காகிதத்தை வாங்கி மேசையில் வைத்து, குத்துங்க சார் என்றார். தட் சார் கையெழுத்துப் போட்டு முத்திரையைக் குத்தினார். மன்னித்தேன் என்று அந்த அம்மா சொல்லவில்லை. திட்டவும் இல்லை. காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பும்போது பெஞ்சின் ஓரத்திலிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். பழைய வாடிக்கை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த நகல் ஒன்றை உருவிப் பெண்ணிடம் நீட்டினார்.

“பாப்பா, இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி குடுத்த மனு. வீட்டுப் பதிவுல என் பேரைச் சேர்க்க என் மகன் மறந்துட்டான், சேர்த்துக்கங்கன்னு சொன்னேன். இதைப் பார்த்ததுலேர்ந்து அவன் என்கூடப் பேசறதே இல்ல. எதுக்குன்னும் சொல்ல மாட்டேங்கறான்.”

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தட் சாருக்குத் தெரியும். மகன் என்னை அடித்து வீட்டை விட்டுத் துரத்தினான் என்று எழுதியிருந்தது. பெண்ணின் விரல் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கியிருந்தது.

“குடும்மா,” என்று கையை நீட்டினார். “நீ படிக்க வேண்டாம். நான் என்ன எழுதினேன்னு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்.”

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைக் கொடுத்தாள். பெரியவர் ஒன்றும் புரியாமல், நல்ல சேதி கேட்கப் போகிறவர் போலச் சிரித்துக்கொண்டே, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.